ரிப்பேருக்குக் கொடுத்த ஆம்ப்ளிஃபயருக்குள் வேறு போர்டு: என்ன செய்யலாம்?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். அப்பா வாங்கிய 1970களின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்று மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். 4,000 ரூபாய் ஆகும் என்றார். 2,000 முன்பணமாக ஜிபேயில் அனுப்பினேன். இப்போது போனால், பழைய போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதே பெட்டிக்குள் புளூடூத் உள்ள புது போர்டை மாட்டியிருக்கிறார். ரெக்கார்டு போட்டால் சத்தமே எடுக்கவில்லை. மொத்தம் 9,500 கேட்கிறார்; மீதியைக் கொடுத்தால்தான் பெட்டியைத் தருவாராம். பில் கிடையாது. போலீசுக்குப் போகலாமா?

பதில்: சத்தம் சரியில்லை என்பதை முதல் புகாராக வைக்காதீர்கள். அதில் அவர் நாள் முழுக்க வாதாடுவார். "என்னைக் கேட்காமல் என் பொருளைக் கழற்றி எடுத்துவிட்டார்" என்பதுதான் உங்கள் வழக்கு.

ஒரு வேலைக்காக ஒப்படைத்த பொருளை, வேலை முடிந்ததும் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 160ஆவது பிரிவு. கழற்றிப் போட்ட டிரான்ஸ்ஃபார்மரும் உங்களுடையதுதான். கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க 170ஆவது பிரிவு அனுமதிக்கிறது, உண்மை. ஆனால் அந்த உரிமை, சொன்ன வேலையைச் செய்தவருக்கு. ஒரு சேனலை (ஒரு பக்கச் சத்தத்தை) சரிசெய்யச் சொன்னால் உள்ளே இருப்பதையே மாற்றியவர் அதைக் கேட்பது கடினம்.

அவர் தரப்பில் ஒரு வாதம் வரும்: "தனியாக ஒரு போனோ பிரீஆம்ப் வாங்கி வைத்தால் ரெக்கார்டு நன்றாகப் பாடும்." பாடும்தான். ரெக்கார்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கி, பதிவின்போது குறைத்த பேஸை (தாழ்ந்த ஒலியை) திரும்பக் கூட்டித் தருவது போனோ பகுதியின் வேலை. உங்கள் பழைய செட்டில் அது உள்ளேயே இருந்தது, புது போர்டில் இல்லை. இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதே, வந்த பொருள் கொடுத்த பொருளுக்கு ஈடில்லை என்பதற்குச் சாட்சி. பழைய செட்டை நன்கு தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம், இதைப் பழையபடி ஆக்க என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரட்டும், கை வைக்க வேண்டாம். இரண்டாவது ஆள் பிரித்துவிட்டால் யார் எதைக் கழற்றினார் என்பதே குழம்பிவிடும்.

மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. (வக்கீலே இதைச் சொல்கிறேன்.) பழைய பாகங்களும் முன்பணமும் திரும்ப வேண்டும், பாகங்கள் இல்லையென்றால் பழையபடி ஆக்கும் செலவு வேண்டும் என்று கேளுங்கள். மன உளைச்சலுக்கும் கேட்கலாம். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். பில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் போதும். நீங்கள் இந்தச் செட்டை மைக்செட்டோடு வாடகைக்கு விடுபவர் என்றால் மட்டும், அது என் பிழைப்புக்கான சுயதொழில் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "வணிக நோக்கம்" என்று தட்டிக்கழிப்பார்கள்.

போலீஸ்? கழற்றிய பாகங்களை அவர் விற்றுவிட்டது தெரிந்தால் நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 316 பற்றி யோசிக்கலாம். நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம்.

பெட்டி உடனே வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன், என் உரிமையை விடவில்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு மீதியைக் கட்டி எடுத்து வாருங்கள். வாங்கும்போதே உள்ளே போட்டோ எடுங்கள். அப்புறம், புகார் கொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது. பழைய போர்டு காயலான் கடைக்குப் போக அவ்வளவு நாள் ஆகாது. பாகங்களைப் பத்திரமாக வைத்துத் திருப்பித் தரச் சொல்லி இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.