ஆல்டர்னேட்டரை நானே மாற்றலாமா?

தம்பி, கார் ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறது, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) போய்விட்டது என்கிறார்கள், கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது, நானே மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம். இங்கே வந்த பதினாறு வருடத்தில் இரண்டு கார்களுக்கு மாற்றியிருக்கிறேன்.

ஆனால் பாகத்தை வாங்கும் முன் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை. அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று புதிய ஆல்டர்னேட்டரை வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்கக் குளிரில் நின்று மாட்டினேன். பேட்டரி இறங்குவது மட்டும் நிற்கவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயரின் பேட்டரிப் பக்கத்து முனை பச்சை பூத்துக் கிடந்தது. ரப்பர் உறையை இழுத்ததும் செம்புக் கம்பிகள் தூளாக உதிர்ந்தன. அந்த ஒரு முனையை மாற்றியிருந்தால் போதும்.

அதனால் இப்படிப் பாருங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஏறாமல் 12-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம். உடனே முடிவு கட்டாதீர்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும் அளந்து பாருங்கள், பெல்ட்டில் கை படாமல். அங்கே 14, பேட்டரியில் 12 என்றால் கோளாறு நடுவில் உள்ள வயரிலோ ஃபியூஸிலோதான். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். வேண்டவே வேண்டாம், காரின் கம்ப்யூட்டர் பலகை போய்விடலாம்.

சரி, ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதியானதும், முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் (−) முனை வயரைக் கழற்றுவது. சாவியை எடுத்துவிட்டாலும் அந்தத் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் எஞ்சினையும் ஒன்றாகத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும்.

பெல்ட்டைக் கழற்றும் முன் அது எஞ்சினில் உள்ள எந்தெந்தச் சிறு சக்கரத்தை (கப்பியை) சுற்றி வருகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆல்டர்னேட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பெல்ட் ஓடும் சக்கரத்தின் வரிகள், போல்ட் துளைகள், பிளக்கின் வடிவம், ஆம்பியர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான், நெகட்டிவ் கடைசியில். பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் பெல்ட் சீக்கிரம் கிழிந்துபோகும்.

சில கார்களில் ஆல்டர்னேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கீழேயிருந்துதான் எடுக்க முடியும். உங்களுடையது அப்படி என்றால், முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள், கூலி கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

அப்புறம், இறங்கிப்போன பேட்டரியைப் புதிய ஆல்டர்னேட்டர் ஏற்றிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடலாம். சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் பார்க்கிங்கில் கார் வேலை செய்யலாமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பழைய ஆல்டர்னேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். பல இடங்களில் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் வாங்கும்போது கட்டிய முன்பணம் கைக்கு வரும்.