ஏசிடிஎச் கொடுத்தும் கார்டிசோல் ஏறவில்லையா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முதுகலை மாணவி கேட்கிறார்: “ஊரில் ஆடு அறுக்கும் இடத்தில் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி வாங்கி, ஐஸ் பெட்டியில் ஈப்போ ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன். செல்களைப் பிரிக்க, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியோடு டிரிப்சின்-இடிடிஏ சேர்த்து 37 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைக்கிறேன். செல்கள் நிறையக் கிடைத்தாலும் சளிபோல ஒட்டிக்கொள்கின்றன. அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஎச் கொடுத்தால், அது சுரக்க வேண்டிய கார்டிசோல் ஏறுவதில்லை.”

முதலில் அந்த டிரிப்சின்-இடிடிஏவை நிறுத்துங்கள். கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும். இடிடிஏ அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. டிரிப்சினோ செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை நறுக்கும். ஏசிடிஎச் வந்து உட்காரும் ஏற்பியும் அங்கேதான் இருக்கிறது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்களைக் கேளுங்கள், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் அன்றைக்குப் பால் வரும். ஆனால் காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். உங்கள் செல்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சோதித்தும் பார்க்கலாம். செல் வளர்க்கும் தட்டின் சில கிணறுகளில் (குழிகளில்) ஏசிடிஎச்சுக்குப் பதில் ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைப் போடுங்கள். அது ஏற்பியைத் தாண்டி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை நேரடியாகக் கூட்டும். அதில் கார்டிசோல் ஏறி, ஏசிடிஎச்சில் ஏறாவிட்டால் ஏற்பியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் ஏறாவிட்டால் செல்லே நொந்துபோயிருக்கலாம்.

சரி, அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். சுரப்பியை ஐஸில் நேராகப் போடாமல், குளிர்ந்த ஊட்டத் திரவத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். கொழுப்பை நீக்கி, இரண்டாகப் பிளந்து, நடுவில் நிறம் மாறித் தெரியும் மெடுல்லாவைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மீதியை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். கொலாஜினேஸ் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை போதும்.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரம் வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, அகல வாய்ப் பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி விட்டு, பிரிந்த செல்களைக் குளிர்ந்த சீரம் கலந்த ஊட்டத்துக்கு மாற்றுங்கள். மிச்சத் துண்டுகளுக்குப் புது நொதி ஊற்றுங்கள். முதலில் பிரிந்த செல் கடைசித் துண்டுக்காக நொதியில் ஊறக் கூடாது.

அந்தச் சளி, செத்த செல்லிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ. டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் கொஞ்சம் சேர்த்தால் கரையும். அந்த நொதிக்கு மெக்னீசியம் வேண்டும். செல்களை வடிகட்டும்போது சல்லடையில் தேய்க்காதீர்கள், தானாக இறங்கட்டும். அப்புறம் கொலாஜினேஸின் தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். புட்டிக்குப் புட்டி அதன் வேகம் மாறும்.

செத்த செல்களில் மட்டும் ஏறும் சாயமான டிரிப்பன் நீலத்தில் உயிருள்ளவற்றை எண்ணி, ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். மறுநாள் ஊட்டத்தை மாற்றிவிட்டு ஏசிடிஎச் கொடுங்கள். கொடுக்காத கிணறு ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.