குறட்டையை ஏன் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 56. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு ஏக்கர் நெல் விவசாயம். இரண்டு வருடமாக ராத்திரித் தூக்கம் சரியில்லை. 9 மணிக்குப் படுத்தால் 11 மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். அப்புறம் தூங்கினாலும் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். சில வாரங்களில் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது. 1 மணிக்கு எழுந்து வயலுக்குப் போய் மோட்டார் போட வேண்டும். காலையில் தலை கனக்கிறது. மதியம் சாப்பிட்டதும் திண்ணையில் இரண்டு மணி நேரம் அசந்துவிடுகிறேன். பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். தூக்கத்துக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம் மாத்திரையை நான்கு மாதமாகத் தினமும் பாதி போடுகிறேன். இப்போது அது கேட்கவில்லை. முழு மாத்திரை போடலாமா?

பதில்: போட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

மோட்டாரைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். குறட்டைக்கு ஒரே வரி, அதுவும் ‘வீட்டில் சொல்கிறார்கள்’ என்று. எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. நம் பக்கம் குறட்டை விட்டால் ‘நல்லா தூங்குறார், எழுப்பாதீங்க’ என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து ஜமக்காளத்தில் படுத்த மாமாவின் குறட்டையை வைத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சிரிக்கும். ஆனால் குறட்டை, காலையில் தலைக்கனம், பகலில் அடக்க முடியாத தூக்கம், மாத்திரைக்கு அடங்காத பிரஷர், ராத்திரியில் பலமுறை சிறுநீர் என்று இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே மூடிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சிழுக்க முயன்றாலும் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி உங்களைத் தட்டி எழுப்பும். ‘கொர்ர்’ என்று ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும், மறுபடி தூக்கம். இப்படி எழுந்தது காலையில் நினைவில் இருக்காது. மூச்சு பத்து விநாடிக்கு மேல் நிற்பதும், வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதும் கணக்கில் வரும். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் கடுமையான நிலை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உடம்பு தூங்கியிருக்காது. அந்தக் கடனைத்தான் மதியம் திண்ணையில் அடைக்கிறீர்கள்.

சிறுநீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மூடிய தொண்டையை எதிர்த்து மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டதென்று இதயம் தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகமும் அதன்படி செய்கிறது. ஆக, ‘சிறுநீர் வருவதால் தூக்கம் கெடுகிறது’ என்று நீங்கள் நினைப்பது பாதி தலைகீழாகவும் இருக்கலாம். இருந்தாலும் 56 வயதில் சர்க்கரையையும் ப்ராஸ்டேட்டையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. பிரஷர் மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்திருந்து அதை ராத்திரி போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இந்த வாரம் உங்கள் மனைவியிடம் ஓர் உதவி கேளுங்கள். நீங்கள் தூங்கிய பிறகு பத்து நிமிடம் போனில் வீடியோ எடுக்கட்டும். குறட்டை ஒரே சீராக ஓடுகிறதா, இல்லை திடீரென்று நின்று, மௌனமாகி, பிறகு திணறலோடு தொடங்குகிறதா? சத்தத்தைவிட அந்த மௌனம்தான் எனக்கு முக்கியம். தையல் டேப் இருந்தால் கழுத்தையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகம் கூடும். ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதால், அளவு குறைவென்று விட்டுவிட வேண்டாம்.

பிறகு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஒரு ராத்திரி முழுக்க மூச்சு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறு கருவியிலும் இதைச் செய்யலாம். நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் ‘சிபாப்’ கருவியைத் தருவார்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். விலையும் கொஞ்சம் அதிகம்தான். பழகியவர்கள் பலர் அதை விடுவதில்லை. அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். குடிக்கும் வழக்கம் இருந்தால் ராத்திரியில் அறவே வேண்டாம். தொண்டைத் தசைகளை அது இன்னும் தளர்த்திவிடும்.

அல்பிரசோலமும் அப்படித்தான். தசையைத் தளர்த்தும், மூளை விழித்துக்கொள்வதையும் மந்தமாக்கும். மூச்சு அடைபடும் ஆளுக்கு அந்த விழிப்புதான் காவல். காவல்காரனையே தூங்க வைப்பது ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது. நான்கு மாதத்தில் உடம்பு பழகிவிட்டதால்தான் இப்போது கேட்கவில்லை. முழுசாக்கினால் அதுவும் சீக்கிரம் பழகிப்போகும். அதற்காக இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் படபடப்பு வரும், தூக்கம் முன்பைவிடக் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சரி, இனி உங்கள் கையில் இருப்பவை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தின் தேவை மூளையில் சேர்ந்துகொண்டே போகும், மேட்டூரில் நீர்மட்டம் ஏறுவதுபோல. மதியம் இரண்டு மணி நேரம் மதகைத் திறந்துவிட்டால் ராத்திரி கடைமடைக்கு எப்படித் தண்ணீர் வரும்? திண்ணைத் தூக்கம் இருபது நிமிடம் போதும், அதுவும் 3 மணிக்கு முன்னால். 9 மணிக்கே படுக்காதீர்கள். கண் சொக்கும்போது படுங்கள். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள், போனைத் தொடாமல். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள்.

காபியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு சாயங்காலம் காபி குடிக்காமல் இருப்பீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதிலுள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி மிச்சம். சிக்கரியில் காஃபின் கிடையாது, அதனால் சிக்கரி தூக்கலான கடைக் காபி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேவலை! நானும் 3 மணிக்கு மேல் காபியை நிறுத்தியவன். வருத்தம் இன்னும் போகவில்லை.

மோட்டாருக்கு, கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரோ, போனிலிருந்து போடும் ஸ்டார்ட்டரோ வைக்கலாம். மடை மாற்ற ஆள் போக வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக்கொண்டால், வாரத்தில் பாதி ராத்திரியாவது முழுசாகக் கிடைக்கும். உங்கள் முறை வருகிற ராத்திரி வண்டியில் போகாதீர்கள், நடந்தே போங்கள், டார்ச் மறக்காமல். பகலில் இப்படி அசருகிற ஆள், பரிசோதனை முடியும்வரை எக்ஸ்எல் வண்டியையும் டிராக்டரையும் தொடாமல் இருப்பதே நல்லது.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்த வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் உங்கள் மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.