சுல்தான் அகமது பள்ளிவாசலில் ஜும்ஆ: வரிசையில் நிற்க வேண்டுமா?

வ அலைக்கும் ஸலாம் சகோதரரே. இஸ்தான்புல்லில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் கையில், சுல்தான் அகமது பள்ளிவாசலின் சுற்றுலா வரிசையில் மாட்டி ஜும்ஆ, அதாவது வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகை, தவறிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிசை உங்களுக்கில்லை. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களைத்தான் நிறுத்துவார்கள். தொழ வந்தவர் வாசல் காவலரிடம் "நமாஸ்" என்றாலே போதும், வழிவிடுவார்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவை விடுதி அறையிலேயே முடித்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிக் குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் வெள்ளியன்று அங்கே இடம் கிடைப்பது பெரும்பாடு. பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டால் முன் ஸஃபில் (தொழுகை வரிசையில்) உட்கார்ந்து, 1616இல் கட்டி முடித்த அந்தக் கூடத்தின் இஸ்னிக் ஊரின் வண்ண ஓடுகளை நிதானமாகப் பார்க்கலாம். இருபதாயிரத்துக்கும் மேல், துலிப் பூக்களை மட்டும் எண்ணத் தொடங்கி நான் தோற்றேன்.

குத்பா (ஜும்ஆ உரை) துருக்கி மொழியில் நடக்கும். அங்கே ஹனஃபி சட்டப்பள்ளியின் முறை என்பதால் ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) முடிந்ததும் ஆமீனை மெதுவாகவே சொல்வார்கள். நம் ஷாஃபி பழக்கத்தில் நான் உரக்கச் சொல்லிவிட்டேன், பக்கத்துப் பெரியவர் புன்னகைத்தார், அவ்வளவுதான்.

பயணிக்கு ஜும்ஆ கட்டாயமில்லை. மாலை நேரத் தொழுகையான அஸரைத் தனியே தொழுதால் கஸ்ராக, அதாவது பயணிக்கான சுருக்கமாக, நான்குக்குப் பதில் இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று). உள்ளூர் இமாமின் பின்னால் என்றால் நான்கும் தொழ வேண்டும். பெண்கள் பகுதி பின்புறம், தடுப்புக்கு அப்பால். கூட்டம் குறைந்த அஸருக்கு உங்கள் வீட்டாரை அழைத்துப் போவதே நல்லது.