‘மென்’ என்றால் தலை: வெல்ஷ் மொழி பற்றி வாசகர் கேள்விகள்

வட வேல்ஸில், கார்னார்வன் பக்கம் ஒரு கேர் ஹோமில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் நைட் டியூட்டி. அங்கே இருக்கும் பெரியவர்களுக்காக வெல்ஷ் கற்றுக்கொண்டதைச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வேல்ஸில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே. பிறகு எதற்கு மெனக்கெட்டு வெல்ஷ்? (கார்டிஃபில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கும் மாணவி)

பகலில் நீங்கள் சொல்வது சரி. ராத்திரி இரண்டு மணிக்குச் சரியில்லை. மறதி நோய் வந்தவர்களுக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப் போவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் கடை நடத்தியவர், பயந்து விழிக்கும்போது அம்மாவிடம் பேசிய மொழியில்தான் கூப்பிடுகிறார். அப்போது ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவருடைய பயம் இன்னும் கூடுகிறது.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் சுமார் 5,38,000 பேர். மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன மக்களில் 17.8 சதவீதம். ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். நான் இருக்கும் குவினெத் பகுதியில் 64 சதவீதத்துக்கும் மேல். தெருவில், பேக்கரியில், பேருந்தில் எல்லாம் வெல்ஷ்தான். கார்டிஃபில் நீங்கள் அந்த அளவுக்குக் கேட்க மாட்டீர்கள். ஆனால் சாலையில் பெரிய எழுத்தில் ‘அரவ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘மெதுவாக’ என்று அர்த்தம். அதுதான் உங்கள் முதல் வெல்ஷ் சொல்.

சொல்லின் முதல் எழுத்தே மாறிப்போகும் மொழி என்கிறார்கள். இதை எப்படித்தான் கற்பது? (ரெக்ஸமில் வேலை பார்க்கும் வாசகர்)

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒரு பாட்டி படுக்கையில் உட்கார்ந்துகொண்டு ‘மென்... மென்...’ என்றார். எனக்குப் புரியவில்லை. கையடக்க அகராதியில் ‘ம’ வரிசை முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. காலை ஷிஃப்ட்டுக்கு வந்த சக ஊழியர்தான் சொன்னார்: “‘ப’ வரிசையில் பாருங்கள்.” ‘பென்’ என்றால் தலை. ‘என் தலை’ என்று சொல்லும்போது அது ‘வ மென்’ ஆகிவிடும். பாட்டிக்குத் தலைவலி.

அந்த ‘பென்’ என்ற ஒரு சொல்லையே பாருங்கள். ‘உன் தலை’ என்றால் ‘ட பென்’, ஆனால் இந்த ‘ப’ நம் ‘தம்பி’யில் வருகிற மெல்லிய ‘ப’. ‘அவன் தலை’ என்றால் ‘இ பென்’, அதே மெல்லிய ‘ப’. ‘அவள் தலை’ என்றால் ‘இ ஃபென்’. கவனியுங்கள், ‘அவனுடைய’, ‘அவளுடைய’ இரண்டுக்கும் பேச்சில் ‘இ’ என்ற ஒரே ஒலிதான். யாருடைய தலை என்பதை அடுத்த சொல்லின் முதல் எழுத்துதான் சொல்கிறது. ‘என்’ என்பதற்கான ‘வ’வைப் பேச்சில் பாதி நேரம் விழுங்கிவிடுவார்கள். அப்போதும் வெறும் ‘மென்’ என்ற மாற்றத்தை வைத்தே ‘என்னுடையது’ என்று புரிந்துவிடும்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். நாம் திணற வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இது நம்முடைய புணர்ச்சிதான். ‘மரம்’ என்ற சொல்லோடு ‘கள்’ சேர்ந்தால் ‘மரங்கள்’. ‘ம்’ எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. ‘பல்’லில் வரும் வல்லின ‘ப’, ‘கோபம்’ என்னும்போது இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தானாகவே மெலிந்துபோகிறது. ஒரே எழுத்து என்பதால் நமக்கு அந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை. வெல்ஷிலும் பழங்காலத்தில் நடந்தது இதேதான். ‘அவனுடைய’ என்ற பழைய சொல் உயிரொலியில் முடிந்தது, அதனால் அடுத்து வந்த ‘ப’ மெலிந்தது. ‘என்’ என்ற சொல் மூக்கொலியில் முடிந்தது, அதனால் ‘ப’, ‘ம’ பக்கம் சாய்ந்தது. பிறகு அந்தக் கடைசி ஒலிகள் தேய்ந்து போய்விட்டன. அவை அடுத்த சொல்லில் விட்டுப்போன தடம் மட்டும் அப்படியே நிற்கிறது. நாம் பேச்சில் மட்டும் செய்வதை அவர்கள் எழுத்திலும் எழுதிவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

எந்த எழுத்து எப்போது எப்படி மாறும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் ஆறு மாதம் செய்து பார்த்தேன். வாயைத் திறக்கவே பயம் வந்ததுதான் மிச்சம். ‘என் தலை’, ‘என் கை’, ‘உன் அம்மா’ என்று சொற்களை ஜோடி ஜோடியாகக் காதில் வாங்குங்கள். அம்மாவுக்கு ‘மாம்’; ‘உன் அம்மா’ ‘ட வாம்’. தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

அபெரிஸ்ட்வித் பக்கம் ஒரு பழைய சுவரில் ஏதோ எழுதியிருக்கிறது. அதில் வரும் ஊர்ப்பெயரை வரைபடத்தில் தேடினால் வேறு எழுத்தில் தொடங்குகிறது. அச்சுப்பிழையா? (அதே வாசகர்)

நீங்கள் பார்த்தது லான்ரஸ்டிட் என்ற ஊருக்கு அருகே இருக்கும் சுவர். ‘ட்ரவெரினை நினைவில் வையுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. 1965-இல் லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, கப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், வழிபாட்டு வீடு, பண்ணைகள் எல்லாம் போயின. வேல்ஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. அப்படியும் சட்டம் நிறைவேறியது.

அச்சுப்பிழை இல்லை. ஊர்ப்பெயரின் முதல் எழுத்து வல்லின ‘ட’. ‘நினைவில் வையுங்கள்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வந்ததால் அது ‘வண்டி’யில் வரும் மெல்லிய ‘ட’ ஆகிவிட்டது. ரோமன் எழுத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. முதன்முதலில் அந்தச் சுவரில் எழுதியபோது இந்த மாற்றம் இல்லாமல்தான் எழுதினார்கள். பின்னால்தான் இலக்கணப்படி திருத்தப்பட்டது. அந்தச் சுவர் பல முறை சேதமாகி, ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

வெல்ஷில் ‘ஆமாம்’, ‘இல்லை’க்குச் சொல்லே கிடையாதாமே? (பெயர் வேண்டாம் என்றவர்)

எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒரே சொல் கிடையாது. பெரும்பாலும் கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். “வலி இருக்கிறதா?” என்றால் “ஒய்ஸ்”, அதாவது “இருக்கிறது”. “டீ சூடாக இருக்கிறதா?” என்றால் “அடி”. “நன்றாகத் தூங்கினீர்களா?” என்று நடந்து முடிந்ததைக் கேட்டால் மட்டும், எந்த வினையானாலும் “டோ”, தூங்கவில்லை என்றால் “நாதோ”.

இதில் நமக்கு என்ன கஷ்டம்? “சாப்பிட்டீங்களா?” என்றால் நாம் “சாப்பிட்டேன்” என்றுதானே சொல்கிறோம்? நான் செய்த தவறு, ஆங்கிலம் வழியாக யோசித்ததுதான். எதைக் கேட்டாலும் ‘இயே’ என்று ஒரே பதில் சொல்வேன். தொண்ணூற்றெட்டு வயது அம்மா ஒருவர் ஒவ்வொரு முறையும் என் கையைத் தட்டி, “ஒய்ஸ், பாஃக்” என்று திருத்துவார். ‘பாஃக்’ என்றால் ‘சின்ன’ என்று அர்த்தம். பிரியமானவர்களைக் கூப்பிடும்போது நம் ‘கண்ணு’ மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவரால்தான் எனக்கு இது படிந்தது.

தமிழர்களுக்கு வெல்ஷ் எளிது என்று எழுதியிருந்தீர்கள். வேறு எந்தெந்த இடங்களில்?

‘எனக்கு’ என்று தொடங்குகிற வாக்கியங்களில். வெல்ஷில் ‘உடைமை’யைக் காட்ட ஆங்கிலத்தைப் போன்ற தனி வினை இல்லை. “என்னிடம் கார் இருக்கிறது” என்பதைப் போலத்தான், “இருக்கிறது என்னிடம் கார்” என்பார்கள்: “மாய் கென் இ கார்.” சளியும் பயமும் ஏக்கமும் ஒருவர் ‘மேல்’ இருக்கும். “மாய் அன்னுய்ட் அர்ன இ” என்றால் “சளி என் மேல் இருக்கிறது”. நமக்கும் சளிதானே வந்து பிடிக்கிறது?

அப்புறம் மரியாதை. ‘டி’ என்றால் ‘நீ’, ‘கி’ என்றால் ‘நீங்கள்’ (இந்தக் ‘கி’யைத் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும்). பலரைக் கூப்பிடவும் மரியாதைக்குரிய ஒருவரைக் கூப்பிடவும் அந்த ஒரே ‘கி’தான், நம் ‘நீங்கள்’ போலவே. எண்ணுக்குப் பின்னால் பன்மை வராது: ‘நாலு மாடு’, ‘பத்து ரூபாய்’ என்று நாம் சொல்வது அங்கே இலக்கணமே. ‘அது’, ‘இது’வில் வரும் ‘த’ அப்படியே வெல்ஷில் ஒரு தனி எழுத்து.

கஷ்டமும் உண்டு. வினை வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும். ‘பார்த்தது நாய் பூனையை.’ நம் வினை கடைசியில் வரும். இரண்டும் நேர் எதிர்த் துருவங்கள். எனக்கு இது படிய இரண்டு வருடம் ஆயிற்று.

பிறகு அந்தப் பிரபலமான இரட்டை ‘எல்’ ஒலி. ‘ல்’ சொல்ல நாக்கை வையுங்கள், வைத்தபடியே குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதுங்கள். அவ்வளவே. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லாததால் இந்தப் பக்கத்தில் ‘ல’ என்றே எழுதுகிறேன்.

வெல்ஷ் எண்கள் தலை சுற்றுகின்றன. உதவுங்கள்.

பழைய முறை இருபது இருபதாக எண்ணுவது. பதினாறு ‘பதினைந்தின் மேல் ஒன்று’. பதினெட்டு ‘டெய்நவ்’, அதாவது ‘இரண்டு ஒன்பது’. மேலே சொன்ன அம்மாவிடம் வயதைக் கேட்டால், “டெய்நவ் அ ஃபெட்வர் இகைன்” என்பார்: இரண்டு ஒன்பதும் நான்கு இருபதும். கூட்டிப் பாருங்கள், தொண்ணூற்றெட்டு. (நான்கு என்பது ‘பெட்வர்’. ‘அ’வுக்குப் பின்னால் அது ‘ஃபெட்வர்’ ஆகிவிட்டது. பழைய நண்பர்தான்.) பள்ளிகளில் இப்போது ‘ஒன்பது பத்து எட்டு’ என்ற எளிய முறையில் கற்றுத் தருகிறார்கள். நீங்கள் அதையே கற்றுக்கொள்ளுங்கள். மணி சொல்லவும் தேதி சொல்லவும் மட்டும் பழைய முறை வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற அந்த நீள ஊர்ப்பெயரைச் சொல்லத் தெரியுமா?

தெரியும். ஆனால் ஆங்கிலசி தீவில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் ‘லான்வைர்புல்’ என்று சுருக்கமாகத்தான் சொல்வார்கள். 58 எழுத்து நீளப் பெயர், 1860-களில் ரயில் பயணிகளை ஈர்க்க நீட்டியது. வெல்ஷ் கணக்கில் 51 எழுத்துதான். இரட்டை ‘எல்’ போன்றவை அங்கே ஒரே எழுத்து. அதைவிடச் சின்னச் சின்ன ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். ‘அபெர்’ என்றால் கழிமுகம், ‘லான்’ என்றால் தேவாலயம், ‘பான்ட்’ என்றால் பாலம். வரைபடமே பாடப் புத்தகமாகிவிடும்.

என் மகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்க்கலாமா? தமிழ் போய்விடுமோ என்று பயம். (ஸ்வான்சீ வாசகி)

சேருங்கள். அந்தப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலரின் வீட்டில் வெல்ஷ் கிடையாது. அவர்களுக்கு ஏற்றபடிதான் கற்றுத் தருகிறார்கள். ஆங்கில வழிப் பள்ளியிலும் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம்தான். ஆனால் பாடமாகப் படிப்பது வேறு, அந்த மொழியில் விளையாடுவது வேறு. தமிழ் போவதும் இருப்பதும் நீங்கள் வீட்டில் அவளிடம் எதில் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சில பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அதைத் தாண்டி வந்த மொழி இது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையை இங்கே யாரும் குறையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

வடக்கு வெல்ஷா, தெற்கு வெல்ஷா? எங்கே கற்பது?

நீங்கள் வாழும் இடத்தின் வெல்ஷ். பால் எனக்கு ‘லெவ்ரித்’, தெற்கே ‘லாய்த்’. பாட்டி எனக்கு ‘நைன்’, தெற்கே ‘மாம்கீ’. ‘இப்போது’ என்பதற்கு இங்கே ‘ரூஅன்’, அங்கே ‘நவ்ர்’. ரோமன் எழுத்தில் ஒன்றைத் திருப்பிப் படித்தால் மற்றது வந்துவிடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும், கவலை வேண்டாம்.

‘டிஸ்கி கம்ராய்க்’ என்ற பெயரில் தேசிய மையம் நடத்தும் வகுப்புகள் நேரிலும் இணையத்திலும் உண்டு. வசதி இருந்தால் லீன் தீபகற்பத்தில் கடலோரம் இருக்கும் நான்ட் குர்தெய்ர்னில் தங்கிப் படியுங்கள். கைவிடப்பட்ட கல்குவாரி கிராமத்தை மொழி மையமாக்கியிருக்கிறார்கள். அதற்கு முன், கடைக்காரரின் சட்டையில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழ் பேட்ஜ் இருந்தால் ‘போரே டா’ என்று வணக்கம் சொல்லுங்கள். அவருக்கு வெல்ஷ் தெரியும் என்பதற்கான அடையாளம் அது. அவர் ஆங்கிலத்துக்குத் தாவினால் நீங்கள் தாவாதீர்கள்.

வெல்ஷில் தமிழுக்கு என்ன பெயர்? (பத்தாம் வகுப்பு மாணவர்)

‘டமிலெக்’. மொழிப் பெயர்களுக்கு ‘எக்’ சேர்ப்பார்கள். ஆங்கிலம் ‘சாய்ஸ்னெக்’, பிரெஞ்சு ‘ஃப்ராங்கெக்’. நம் மொழியின் பெயரும் விதிக்குத் தப்புவதில்லை. ‘என் தமிழ்’ என்று சொன்னால் முதல் எழுத்து மாறி ‘வ நமிலெக்’ ஆகிவிடும்.