சின்ன பெற்றோல் ஜெனரேற்றர்: கேள்வி பதில்

வீட்டிலும் கடையிலும் கரண்ட் போனால் பாவிக்கிற, 3 கிலோவாற்றுக்குக் குறைந்த மெஷின்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, நாங்கள் நாலாம் மாடியில இருக்கிறம். பல்கனியில வைச்சு, கதவைச் சாத்திப்போட்டு ஓட்டலாமோ?

வேண்டாம் தம்பி. பல்கனி வெளியிடம் மாதிரித் தெரிந்தாலும் மூன்று பக்கம் சுவர், மேலே கொங்கிறீற். புகை அதற்குள்ளேயே சுழன்று கதவிடுக்கால் உங்களிடம் வரும், யன்னலால் மேல்வீட்டுக்கும் போகும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று படுத்தவர் பிறகு எழும்பாமலே போகலாம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். மாடி வீட்டுக்கு பற்றரியும் இன்வேட்டரும்தான் சரி.

தெஹிவளையிலிருந்து: மழைக்கு கராஜுக்குள்ள வைச்சு, கதவைத் திறந்து விட்டாப் போதுமோ?

போதாது. கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் புகை தேங்கும். வீட்டுக் கதவு யன்னலிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வையுங்கள். மழைக்கு நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகரம், நாலு பக்கமும் திறந்தபடி. கீழே கல் அடுக்கி உயர்த்தினால் வெள்ளம் தொடாது. ஈரக் கையால் பிளக்கைத் தொடவேண்டாம். நெருக்கமான காணிகளில் 6 மீற்றர் கிடைக்காது என்பது தெரியும். கிடைக்காத இடத்தில் ஜெனரேற்றர் ஓட்டக்கூடாது என்பதுதான் என் பதில்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: இரண்டு பக்கமும் பிளக் வைச்ச வயர் ஒன்றால சுவர்ப் பொயின்றுக்குக் கரண்ட் குடுத்தா முழு வீட்டு லைற்றும் எரியுது. என்ன பிழை?

அந்த வயரை இன்றைக்கே வெட்டி எறியுங்கள். ஒரு முனையைச் செருகியதும் மற்ற முனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ற் வெறுமையாக நிற்கும், பிள்ளை தொட்டால் போதும். அதைவிடக் கொடியது, மெயின் சுவிச்சை நிப்பாட்ட மறந்தால் கரண்ட் பின்னோக்கி லயினுக்குப் போகும். தெரு ட்ரான்ஸ்போமர் 11,000 வோல்ற்றை வீட்டுக்கு இறக்குகிறது. அதே ட்ரான்ஸ்போமர் உங்கள் 230ஐ 11,000 ஆக ஏற்றவும் செய்யும். லயின் செத்துப்போய் இருக்கென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்சார சபை ஊழியர் அங்கே இருப்பார். லயின் திரும்பி வந்தால் மெஷினும் கருகும். முழு வீட்டுக்கும் வேண்டுமென்றால் லயின், ஜெனரேற்றர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற, பேஸ் வயரும் நியூற்றல் வயரும் சேர்ந்து மாறுகிற சேஞ்ச்ஓவர் சுவிச்சை எலெக்ட்ரீசியனைக் கொண்டு போடுங்கள். இல்லாவிட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் நேரே பிரிட்ஜுக்கும் லைற்றுக்கும் குடுங்கள்.

மருதானையிலிருந்து: கடையில ஐஸ்கிரீம் உருகுது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் விடலாமோ?

நிப்பாட்டி, 15 நிமிடமாவது ஆறவிட்டு விடுங்கள். டாங்கி மேலே, சைலன்சர் பக்கத்தில். புனலிலிருந்து வழிகிற ஒரு துளி சூடான தகரத்தில் விழுந்தால் முதலில் சீறி ஆவியாகும், அந்த ஆவி எங்காவது ஒரு பொறியைத் தேடிப்பிடிக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து போகும். அதனால் பக்கத்தில் காஸ் குக்கர், சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. கானை நிலத்தில் வைத்து நிரப்புங்கள், தண்ணிப் போத்தலில் பெற்றோல் வைக்காதீர்கள். டாங்கியைக் கழுத்துமட்டும் நிரப்பாமல் விரலளவு இடம் விடுங்கள். தீப்பிடித்தால் தண்ணி ஊற்றக்கூடாது, உலர்தூள் தீயணைப்பான் வேண்டும். அடங்காவிட்டால் விலகி நின்று 110க்கு அடியுங்கள்.

அதே கடைக்காரர்: பிரிட்ஜைப் போட்டவுடனே மெஷின் நிக்குது.

பிரிட்ஜ் ஓடும்போது 150 வாற் எடுத்தாலும் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பலமடங்கு இழுக்கும். ஒன்றும் செருகாமல் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, முதலில் பிரிட்ஜைப் போடுங்கள், பிறகு லைற்.

பம்பலப்பிட்டியிலிருந்து: எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி வருது, லைற்றும் கூடிக் குறையுது.

சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சத்தம் சீரானால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். அநேகமாக மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரில் பெற்றோல் பாயும் சின்னத் துவாரமான ஜெற்றை அடைத்திருக்கும். எஞ்சின் ஆறினபின் டாங்கியிலிருந்து பெற்றோல் வருவதை அடைக்கும் கொக்கைப் பூட்டி, அடிக்கிண்ணத்தின் போல்றைக் கழற்றி, ஜெற்றைக் கிளீனர் அடித்து ஊதுங்கள். ஊசி விடாதீர்கள், துவாரம் பெருத்துவிடும். வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு நூல் போதும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிபண்ணப் பார்க்கவேண்டாம். இந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால்தான் 50 ஹேர்ட்ஸ் வரும். சுற்றுக் கூடினால் வோல்ற்றும் கூடி ரீவி போகும்.

வத்தளையிலிருந்து: ஒயில் பெற்றோலோட கலக்கிறதா, தனியா விடுறதா?

650 வாற் டூ-ஸ்ரோக் என்றால் கலக்கவேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. போர்-ஸ்ரோக்குக்குத் தனியே, 10டபிள்யூ-30, 160 முதல் 200 சீசீ எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர். மட்டமான தரையில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் ஒயில் அலேர்ட் உள்ள மெஷின் தானே நிற்கும், அதைப் பழுதென்று நினைத்து சென்சர் வயரைக் கழற்றுபவர்கள் எஞ்சினையே இழக்கிறார்கள். புது எஞ்சினில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயிலை மாற்றுங்கள், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் கொக்கைப் பூட்டி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மூடி வையுங்கள்.