குளுக்கோஸ் சேர்த்தும் வீங்காத ஜெல்: மூலக்கூறில் எதை மாற்றுவது?

கேள்வி: அக்ரைலமைடுடன் 3-அக்ரைலமிடோஃபீனைல்போரானிக் அமிலம் சேர்த்து, குளுக்கோஸ் உணரிக்காக ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி நிற்கும் பாலிமர் வலை) தயாரித்தேன். பிஎச் 9-இல் குளுக்கோஸ் பட்டதும் நன்றாக வீங்குகிறது. இரத்தத்தின் பிஎச் ஆன 7.4-இல் அசைவே இல்லை. போரானிக் அமிலத்தின் அளவைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த அமிலத்தின் பென்சீன் வளையம் நீரோடு ஒட்டாது. பங்கைக் கூட்டக் கூட்ட ஜெல் இறுகிப்போகும். மாற்ற வேண்டியது போரானிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பை, அதாவது அதில் பாதி மின்சுமை பெறும் பிஎச்சை.

போரான் ஒரு ஹைட்ராக்சைடு அயனியை ஏற்று எதிர்மின்சுமை பெறும்போதுதான் குளுக்கோஸ் அதை உறுதியாகப் பற்றும். பற்றியதும் அந்த மின்சுமை நிலைத்துவிடும். அதை ஈடுகட்ட நேர்மின் அயனிகள் ஜெல்லுக்குள் வரும், கூடவே நீரும் வரும். இதுதான் வீக்கம். உங்கள் மோனோமரின் (பாலிமரின் அடிப்படை அலகாகச் சேர்த்த அந்தப் போரானிக் அமிலத்தின்) பிகேஏ சுமார் 8.6. பிஎச் 9-இல் 70 விழுக்காடு மின்சுமையோடு இருக்கும், 7.4-இல் வெறும் 6 விழுக்காடு.

வளையத்தில் ஃபுளோரின், கார்பமாயில் போன்ற எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகளை வைத்தால் பிகேஏவை 7.2 அளவுக்கு இறக்கலாம். போரானுக்கு அடுத்த ஆர்த்தோ இடத்தில் அமினோமெத்தில் தொகுதியை அமைப்பது இன்னொரு வழி. ஆனால் மிகவும் இறக்கிவிடாதீர்கள். குளுக்கோஸ் வருமுன்பே எல்லாம் மின்சுமை பெற்றுவிட்டால் ஜெல் முன்னதாகவே வீங்கி நிற்கும். காட்டுவதற்கு மாற்றம் மிஞ்சாது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண ஃபீனைல்போரானிக் அமிலத்துக்குப் பிஎச் 7.4-இல் குளுக்கோஸுடன் பிணைப்பு மாறிலி (பற்றின் வலிமையைக் காட்டும் எண்) லிட்டர்/மோல் அலகில் 4.6 மட்டுமே, ஃப்ரக்டோஸுடன் 160. இரத்தத்தின் 5 மில்லிமோலார் குளுக்கோஸில் 2 விழுக்காடு இடங்களே நிரம்பும். ஃப்ரக்டோஸ் இரத்தத்தில் மிகக் குறைவு என்பதால் அது பெரிய தொல்லை இல்லை. போரானிக் அமிலத்தோடு பிணையக்கூடிய லாக்டேட் அப்படியல்ல: ஓய்வில் 1 மில்லிமோலார் அளவில் இருப்பது கடும் உடற்பயிற்சியில் பல மடங்காகும். எனவே குளுக்கோஸின் இரு டையால் பகுதிகளையும் (இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அருகருகே உள்ள இடங்கள்) ஒரே நேரத்தில் பிடிக்குமாறு, சரியான இடைவெளியில் இரண்டு போரானிக் அமிலங்களை வைத்த மூலக்கூறே என் பரிந்துரை. இரு சங்கிலிகளைக் குளுக்கோஸ் இப்படிப் பாலமாகக் கட்டினால் ஜெல் சுருங்கும். அதைப் பழுது என்று எண்ணித் தூக்கிப்போட வேண்டாம், அதுவும் பயன்படும் சமிக்ஞைதான்.

புதிய மோனோமர் கையில் வந்ததும் சோதனையில் கவனம் தேவை. உலர்ந்த போரானிக் அமிலம் நீரை இழந்து போராக்சினாக மாறியிருக்கும். எடையை நம்பினால் மோல் கணக்கு தவறும். பாலிமராக்குமுன் கரைசலில் 15 நிமிடம் நைட்ரஜன் செலுத்துங்கள், ஆக்சிஜன் தங்கினால் வினை தடைபடும். ஜெல்லை இரண்டு மூன்று நாள் பஃபரை (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) மாற்றி மாற்றிக் கழுவுங்கள். வினைபுரியாத அக்ரைலமைடு நச்சு. டிரிஸ் பஃபர் வேண்டாம், அதன் ஹைட்ராக்சில், அமீன் தொகுதிகள் போரானோடு போட்டியிடும். பாஸ்பேட் பஃபரோடு 0.15 மோலார் சோடியம் குளோரைடு சேருங்கள். உப்பில்லா நீரில் கிடைக்கும் பெரிய வீக்கம் உடலுக்குள் கிடைக்காது. குளுக்கோஸ் கரைசலை முந்தைய இரவே கரைத்து வையுங்கள், அதன் வடிவங்கள் சமநிலைக்கு வர நேரமாகும். ஒப்பிட்டுப் பார்க்க, போரானிக் அமிலம் இல்லாத ஜெல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

துலங்க அதிக நேரம் எடுத்தால் ஜெல்லின் தடிமனைப் பாருங்கள். அதைப் பாதியாக்கினால் நேரம் ஏறத்தாழ கால்பங்காகும்.

சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சோதிக்கப் போகுமுன் ஹைட்ரஜன் பெராக்சைடு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். உடலில் பொருத்திய பொருளைச் சுற்றி அழற்சி செல்கள் அதை வெளியிடும். அது போரானிக் அமிலத்தை ஃபீனாலாக மாற்றிவிடும், அதன்பின் உணர்திறன் திரும்பாது. தோலுக்கடியில் பொருத்தும், 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற எவர்சென்ஸ் உணரியும் போரானிக் அமிலம் சார்ந்த ஒளிர்மூலக்கூறையே பயன்படுத்துகிறது. அதற்கும் இதே இடையூறு உண்டு. ஜெல்லை 100 மைக்ரோமோலார் பெராக்சைடில், 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் துலங்கலை அளந்து ஒப்பிடுங்கள்.